நைனாவின் மாமியார் வீடு

என் நைனாவை ஊரில் குதிரைத் துரை என்றுதான் கூப்பிடுவார்கள். வெள்ளைக்காரர்தான், ஆனால் பேரில் மட்டும் துரை. பூந்தமல்லி வெள்ளைக்காரப் பட்டாளத்து லாயத்தில் முரட்டுக் குதிரைகளைப் பழக்குவது அவர் வேலை. முழங்காலில் ஒட்டுப்போட்ட கால்சட்டை, தோளில் கடிவாளம், வாயில் லாயத்துத் தமிழ். நிஜமான துரைமார் அவரைத் தங்கள் மேஜையில் உட்காரவைத்ததில்லை. அம்மாவின் ஜனங்கள் அவரைத் தங்கள் வாசற்படி ஏறவிட்டதில்லை. இரண்டு பக்கத்துக்கும் வேண்டாத மனுஷனுக்கு மகளாகப் பிறந்தேன். எனக்குக் கோபம் எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்க வேண்டாம்.

அம்மா திருமழிசைப் பக்கத்துப் பயிர்க்குடும்பம். விளையாடுகிற வயதில் கட்டிக்கொடுத்தார்கள். புருஷன் முகம் மனதில் பதியுமுன்னே தாலியை வாங்கிவிட்டார்கள். அப்புறம் அவளுக்கு விதித்தது வெள்ளைப் புடவையும் புல்லுக்கட்டும். வரப்பில் புல்லறுத்துத் தலைச்சுமையாகப் பூந்தமல்லி லாயத்துக்குக் கொண்டுவந்து போடுவாள். அங்கேதான் நைனா அவளைப் பார்த்தார். மற்ற குதிரைக்காரர்கள் புல்லுக்கட்டை உதறிப் பார்த்துக் குறை சொல்லுவார்களாம். இவர் மட்டும் கட்டை இறக்க ஒரு கை கொடுத்தாராம். "அந்த ஒரு கைக்குத்தாண்டி நான் வந்தேன்" என்று அம்மா சொல்லுவாள். வந்தவளைத் திரும்பிப் பார்க்க அவள் ஊரில் ஆள் இல்லை.

வருவதற்கு முன்னால் நைனா அவளிடம் ஒரு விஷயத்தை மறைக்காமல் சொன்னார். அங்கேதான் எங்கள் வீட்டின் எல்லாக் கோளாறும் ஆரம்பம்.

நைனாவின் இரண்டு கணுக்காலிலும் தோல் வளையமாகக் கறுத்துத் தடித்துக் கிடக்கும். லாயத்தில் லாடம் அடிக்கிற பாய் ஒருவர் உண்டு. வாயைத் திறந்தால் கேலிதான். நைனா வந்த புதிதில் அந்தக் காலைப் பார்த்துவிட்டு, "இன்னா தொர, மாமியார் ஊட்டுக் காப்பா?" என்று கேட்டிருக்கிறார். அப்படியென்றால் என்ன என்று நைனா கேட்க, பாய் விளக்கிச் சொல்லியிருக்கிறார். ஜெயில் என்ற சொல் நைனா வாயில் வராது. எந்தப் பாஷையில் சொன்னாலும் அவருக்குக் கூசும். பாய் கொடுத்த சொல்லில் சிரிப்பும் இருந்தது, மறைவும் இருந்தது. தமிழில் இதற்கு இதுதான் மரியாதையான வார்த்தை போலிருக்கிறது என்று அதையே பிடித்துக்கொண்டார்.

அதனால் அம்மாவிடம் சொன்னார்: "தோ பாரும்மே, நான் ஏழு வருசம் மாமியார் ஊட்ல இருந்தவன். அப்பால தெரிஞ்சு நீ அழக் கூடாது."

இன்றைக்குப் பட்டணத்துச் சின்னப் பிள்ளைகூட இதைக் கேட்டுச் சிரிக்கும். அம்மா சிரிக்கவில்லை. அவள் ஊரில் ஜெயிலுக்குப் போனவனைக் கம்பி எண்ணுகிறான் என்பார்கள். மாமியார் வீடு என்றால் மாமியார் வீடுதான். பெண் கொடுத்தவர்கள் வீடு. இவருக்கு முன்னாலேயே ஒருத்தி இருக்கிறாள், அவள் வீட்டில் வீட்டோடு மாப்பிள்ளையாக ஏழு வருஷம் இருந்திருக்கிறார் என்று எடுத்துக்கொண்டாள். அன்று சாயந்திரம் முழுக்க யோசித்தாள். அறுத்தவளுக்கு இரண்டாந்தாரமாவது கிடைக்கிறதே என்று பட்டிருக்கும். "இருந்தா இருந்துட்டுப் போ" என்றாள்.

கைதி என்று தெரிந்தும் வந்த மகராசி என்று நைனா அவளைக் கடைசிவரைக்கும் கையெடுத்துக் கும்பிடாத குறையாக வைத்திருந்தார். மூத்தவளை ஒளிக்காமல் சொன்ன யோக்கியன் என்று அம்மாவும் அவரை மதித்தாள். இரண்டு நல்ல மனுஷர்கள் ஒரே பாயில் படுத்துக்கொண்டு வேறு வேறு கதைக்குள் குடியிருந்தார்கள்.

நைனா சாப்பிட உட்கார்ந்தால் பழைய பேச்சு வரும். நைனா அந்த ஏழு வருஷம் இருந்த தேசத்தை லாயத்துக்காரர்கள் குதிரைத் தீவு என்பார்கள். பட்டாளத்துக் குதிரைகள் அங்கேயிருந்துதான் கப்பலில் வரும். இப்போது ஆஸ்திரேலியா என்று புத்தகத்தில் போடுகிறார்கள்.

"மாமியார் ஊட்ல இன்னா போடுவாங்க?" என்று அம்மா கிண்டிக் கேட்பாள்.

"கல்லு கணக்கா ரொட்டி. உப்புக் கறி. அதுல புழு."

"பொண்ணு குடுத்த ஊட்ல இதுவா போடுவாங்க? அடப்பாவிங்களா!"

"அடியும் உண்டும்மே. கட்டிவெச்சு அடிப்பாங்க."

அது பொய்யில்லை. அவர் முதுகு உழுதுபோட்ட வயல்போல இருக்கும். எண்ணெய் தேய்க்கும்போதெல்லாம் அம்மா பல்லைக் கடிப்பாள். "எந்த ஊரு மாமியாக்காரிடி மருமவனைக் கட்டிவெச்சு அடிப்பா? அந்தப் பொண்ணாவது வந்து தடுக்க வேணாம்?" என்று என்னிடம் பொருமுவாள். கணுக்கால் வடுவுக்கும் அவளிடம் காரணம் இருந்தது. அந்த ஜாதியில் மாப்பிள்ளைக்குத் தண்டை போடுவார்கள், இறுக்கிப் போட்டுவிட்டார்கள் என்று தீர்மானமாக நம்பினாள். நானும் நம்பினேன். சிறுபிள்ளையில் அந்தத் தண்டையை வெள்ளித் தண்டை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு தடவை அம்மா மனதைக் கெட்டியாக்கிக்கொண்டு கேட்டாள்: "மாமியார் ஊட்டு நெனப்பு வருமா உனக்கு?"

"கனவுல வரும். தூக்கிவாரிப் போடும்."

"கூப்ட்டா திரும்பிப் போவியா?"

"செத்தாலும் போ மாட்டேன்."

இந்தப் பதிலில் அவளுக்கு நிம்மதி வரவில்லை. கனவில் மூத்தவள் வருகிறாள் என்றால் மறக்கவில்லை என்றுதானே அர்த்தம்? மதராஸுக்குக் குதிரைக் கப்பல் வந்தால் புதுக் குதிரைகளை ஓட்டிவர நைனாவைத்தான் அனுப்புவார்கள். அவர் திரும்பி வரும்வரை அம்மா வாயில் சோறு வைக்க மாட்டாள். அந்தக் கப்பலில் அவளும் வந்து இறங்கிவிட்டால்? இவரைக் கையோடு கூட்டிப்போய்விட்டால்? புழுதி கிளம்பக் குதிரைக் கூட்டம் பூந்தமல்லிச் சாலையில் திரும்பினதும், முதலில் அவள் கண் தேடுவது நைனா பக்கத்தில் பெண்பிள்ளை யாராவது வருகிறாளா என்றுதான்.

இதெல்லாம் சிரிக்கிற கதையாகவே இருந்திருக்கலாம். ஆனால் எனக்கு முன்னே பிறந்த இரண்டு அண்ணன்மாரும் தங்கவில்லை. ஒருவன் பிறந்ததும் போனான். இன்னொருவன் நடை பழகின சமயத்தில் காய்ச்சலில் போனான். இரண்டாவது பிள்ளையை மண்ணுக்குள் வைத்துவிட்டு வந்த அன்று அம்மா சுவரில் முட்டிக்கொண்டு அழுதாளாம். "மூத்தவ வயிறு எரியுது. அவ புருசனை நான் எடுத்துக்கினேன், என் புள்ளைங்களை அவ எடுத்துக்கினா." நைனாவுக்கு ஒன்றும் புரியவில்லை. துக்கத்தில் பிதற்றுகிறாள் என்று தண்ணீர் கொடுத்திருக்கிறார்.

அதிலிருந்து ஆடி மாசம் ஒரு வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டில் படையல் நடக்கும். அம்மா பாதிரியாரிடம் ஞானஸ்நானம் வாங்கினவள்தான். ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போவாள், திருவேற்காட்டு அம்மனுக்கும் மஞ்சத்துணி முடிந்துவைப்பாள். இரண்டு பக்கத்தையும் பகைத்துக்கொள்ளக் கூடாது என்பது அவள் கட்சி. எங்கள் பக்கத்தில் பூவாடைக்காரிக்குப் படைப்பது வழக்கம்: குடும்பத்தில் பூவும் பொட்டுமாக, புருஷனுக்கு முன்னால் செத்துப்போன பெண்ணுக்குப் புதுப்புடவை, பூ, குங்குமம், சோறு. ஒரு கல்யாணமென்றால் முதலில் அவளுக்கு வைத்துவிட்டுத்தான் மற்றது. படைத்த புடவையை வீட்டுப் பெண்கள் கட்டிக்கொள்வார்கள். அம்மா மூத்தவளுக்குச் சிவப்புப் புடவை வைத்தாள். "செத்திருந்தா பூவாடைக்காரி. உசுரோட இருந்தா எனக்கு அக்கா. எதுவா இருந்தாலும் பொடவை பொடவைதானே?" என்பாள். விழுந்து கும்பிட்டு, "இந்த ஒண்ணையாவது உட்டுடு தாயே" என்று என்னைக் காட்டி அழுவாள். இந்த நாட்டு வழக்கம் போலிருக்கிறது என்று நைனா அன்றைக்கு ஏரிப்பக்கம் போய்விடுவார்.

எனக்குச் சம்பந்தம் பேச வந்தது இப்படியிருந்த வீட்டுக்குத்தான். ஆவடியில் ரயில் வேலை பார்க்கிற சட்டைக்காரக் குடும்பம். எங்களைப்போலக் கலந்த ரத்தம்தான். ஆனால் எங்களைவிட ஒரு படி உசத்தி என்று நினைப்பு. பையனை நான் கோயிலில் இரண்டு முறை பார்த்திருக்கிறேன். பிடித்திருந்தது. அதைச் சொல்ல எனக்கு இப்போது என்ன வெட்கம்? அம்மாவுக்கு அது என் கல்யாணம் மட்டுமில்லை. இது நல்லபடியாக முடிந்தால் மூத்தவள் மன்னித்துவிட்டாள் என்று அர்த்தம். முடியாவிட்டால் மிச்சமிருக்கிற ஒரு பிள்ளையின் மேலும் அவள் கை வைத்துவிட்டாள். சம்பந்தம் வந்த நாளிலிருந்து அம்மாவுக்குத் தூக்கமில்லை. பயந்து பயந்து அந்த வருஷத்து ஆடி வெள்ளிப் படையலை இரட்டைப் படையலாகப் போட்டாள்.

மறுநாள் அவர்கள் வந்தார்கள். வருமுன்னே அம்மா நைனாவை மூலையில் நிறுத்திச் சொன்னாள்: "இந்தாய்யா, அந்த மாமியார் ஊட்டுப் பேச்சை மட்டும் எடுக்காதே. உனக்குப் புண்ணியமாப் போவும்."

நைனா அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "எம் பொண்ணு மேல சத்தியமா எடுக்க மாட்டேன்." இரண்டு பேரும் சத்தியம் வாங்கிக்கொண்டும் கொடுத்துக்கொண்டும் நின்றதை நான் பார்த்தேன். ஒரே விஷயத்தை மறைக்கிறோம் என்று இரண்டு பேருக்கும் நினைப்பு.

பேச்சு நன்றாகத்தான் போயிற்று. பையனின் தகப்பன் நைனாவிடம் குதிரையைப் பற்றிக் கேட்டார். நைனா உற்சாகமாகப் பேசினார். அப்போது பையனின் தாய் அம்மாவைப் பார்த்து, "தப்பா எடுத்துக்காதே. வெள்ளக்காரங்களுக்குச் சீமையில ஒண்ணு, இங்க ஒண்ணுன்னு இருக்கும். நாளைக்கு மூத்த தாரம்னு எவளாவது வாசல்ல வந்து நிக்கக் கூடாது பாரு. அப்படி எவளும் இல்லேன்னு ஒரு வார்த்தை சொல்லிடு" என்றாள்.

சாதாரணக் கேள்வி. இல்லை என்று சொல்லிவிட்டிருந்தால் தாம்பூலம் மாற்றியிருப்பார்கள். அம்மாவின் முகம் பேயறைந்தாற்போல் ஆகிவிட்டது. முந்தின நாள்தான் மூத்தவள் காலில் விழுந்து கும்பிட்டிருக்கிறாள். இன்றைக்கு அவளே இல்லை என்று எப்படிச் சொல்லுவாள்? சொன்னால் சும்மா விடுவாளா?

"மறைக்க மாட்டேங்க" என்றாள் அம்மா. "இவரு முன்னாடி ஏழு வருசம் மாமியார் ஊட்ல இருந்தவரு. இப்ப ஒட்டும் இல்ல, உறவும் இல்ல. எம் பொண்ணு மேல பழி வேணாங்க."

பையனின் தகப்பன் பாக்கை மெல்லுவதை நிறுத்தினார். "மாமியார் ஊடா? எந்தூர்ல?"

"குதிரைத் தீவுலதாங்க."

அவர் மெல்லத் திரும்பி நைனாவின் காலைப் பார்த்தார். ரயில்காரர், நாலு இடம் தெரிந்தவர். "அது கைதிங்களைக் கப்பலேத்தி விட்ற தேசமாச்சே" என்றார். நைனா காலை உள்ளே இழுத்துக்கொண்டார். அவர்கள் எழுந்தார்கள். கொண்டுவந்த பழத்தட்டை அந்தம்மாள் மறக்காமல் கையில் எடுத்துக்கொண்டாள். பையன் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. போய்த் தொலையட்டும் என்று இன்றைக்குச் சொல்லுவேன். அன்றைக்கு அவர்கள் தெருமுனை திரும்பும்வரை கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"மூத்த தாரம் இருந்தா இன்னா இப்ப? ஊர்ல எவனுக்கும் இல்லாததா? கைதின்னு ஏன்யா சொல்றான்?" என்று அம்மா வாசலில் நின்று கேட்டாள்.

நைனா அதற்குமுன் அவளை அதட்டிப் பேசி நான் கேட்டதில்லை. "ஏம்மே சொன்னே? சத்தியம் வாங்கிகினு நீயே ஏன் சொன்னே? மாமியார் ஊடுன்னா ஜெயிலு! ஜெயிலு!"

அந்த வார்த்தையை அவர் வாயால் அன்றுதான் கேட்டோம். அம்மா அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். "அப்ப அவ?"

"எவ?"

"மூத்தவ."

"எவளும் இல்லம்மே. எவளும் இருந்ததே இல்ல."

அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவமானப்பட்டாள் என்று நினைத்தேன், புருஷன் கைதி என்று தெரிந்து இடிந்துபோனாள் என்று நினைத்தேன். அவள் கேட்டது வேறு. "அப்ப எம் புள்ளைங்க ரெண்டும் யார் வயித்தெரிச்சல்லயா செத்துது?"

அன்றுதான் அம்மா இத்தனை வருஷம் யாருக்குப் படைத்தாள் என்பது அவருக்குப் புரிந்தது. அவரும் அவளெதிரே தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார்.

சீமையில் அவர் ஊரில் பசி. ஓர் ஆட்டைத் திருடினார். பிடித்துக் கொடுத்துவிட்டார்கள். ஏழு வருஷம் தீவாந்தரம். ஆடு திருடினவனைக் கப்பலில் ஏற்றிப்போய் அந்தத் தேசத்தில் ஆடு மேய்க்கத்தான் விட்டார்கள் என்று சொல்லி ஒரு சிரிப்புச் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் மறக்கவில்லை. கண்ணுக்கெட்டிய தூரம் மனுஷ வாடை இல்லாத பொட்டலில் ஒரு குடிசை. பேச ஆளில்லாமல் ஆட்டோடு பேசியிருக்கிறார். தாங்காமல் ஒருநாள் கால்போன போக்கில் நடந்துவிட்டார். பிடித்துவந்து முதுகை உரித்தார்கள், காலில் விலங்கைப் பூட்டிக் கல் உடைக்கப் போட்டார்கள். காலம் முடிந்து வெளியே விட்டபோது ஊருக்குப் போக அவருக்கு முகம் இல்லை. குதிரைகளோடு கப்பல் அடித்தட்டில் படுத்துக்கிடக்க ஓர் ஆள் தேவைப்பட்டது, ஏறிக்கொண்டார். மதராஸ் கரையில் குதிரைகளை அலையில் இறக்கி நீந்தவிட்டார்கள். நைனாவும் ஒன்றின் பிடரியைப் பிடித்துக்கொண்டு கரையேறிவிட்டார்.

"உனக்காக அழ ஊர்ல ஒருத்தருமா இல்ல?" என்றாள் அம்மா.

நைனா தலையைக் குனிந்துகொண்டார். "எங்கம்மா இருந்தா. தீர்ப்புச் சொன்னப்போ பின்னாலேர்ந்து என் பேரைச் சொல்லிக் கத்துனா. வெக்கமாப் போச்சு. நான் திரும்பிப் பாக்கல."

"அப்பால?"

"அப்பால இன்னா? எனக்கு எழுதத் தெரியாது. உசுரோட கீறேன்னு அவளுக்குத் தெரியாது."

அம்மா நிமிர்ந்தாள். "பாவி, வயிறு எரிஞ்சவ அவதான்யா! பெத்தவ! எம் மாமியா!" என்று தலையில் அடித்துக்கொண்டாள். "நான் ஊரு பேரு இல்லாத எவளுக்கோ படைச்சுகினு கெடந்தேனே. எம் மாமியாளுக்கு ஒரு பிடி சோறு வெக்கலையே!"

அடுத்த வெள்ளிக்கிழமையே மறுபடி படையலுக்கு அடுப்பு மூட்டினாள். பாதிரியார் காதுக்குப் போனால் போகட்டும் என்றாள். எல்லாம் வைத்தாயிற்று, புடவை மட்டும் பாக்கி. நைனாவைக் கூப்பிட்டு, "உங்கம்மா பூவோட போனாளா, அறுத்துட்டுப் போனாளா? செவப்பு வெக்கறதா, வெள்ள வெக்கறதா?" என்று கேட்டாள்.

எவ்வளவு சின்னக் கேள்வி. எந்த மகனும் யோசிக்காமல் பதில் சொல்லிவிடுகிற கேள்வி. அப்பன் முந்திக்கொண்டானா, அம்மா முந்திக்கொண்டாளா, இரண்டு பேரும் இன்னும் இருக்கிறார்களா, ஒன்றும் அவருக்குத் தெரியாது. "தெரியாதும்மே" என்று சொல்லி, முரட்டுக் குதிரைக்குப் பயப்படாத அந்த மனுஷர் சின்னப்பிள்ளையாட்டம் விக்கி விக்கி அழுதார். நான் அவர் அழுது பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

அம்மா இரண்டு புடவையும் வைத்தாள். "எது அவளுதோ அவ எடுத்துக்கட்டும்" என்றாள். அன்று நைனா ஏரிப்பக்கம் போகவில்லை.

ஆவடிச் சம்பந்தம் திரும்பி வரவில்லை. சில வருஷம் கழித்து என்னைக் கேட்டு வந்தவர் என் நைனாவின் காலைப் பார்த்தார், காரணம் கேட்டார், சரி என்றார். கல்யாணத்துக்கு அம்மா அந்தச் சிவப்புப் புடவையைத்தான் எனக்குக் கட்டிவிட்டாள். வெள்ளைப் புடவை பெட்டியின் அடியில் கிடந்தது.

நைனா ஒரு மழைக்காலத்தில் போனார். அடக்கம் முடிந்து வந்ததும் பக்கத்து வீட்டுப் பெண்கள் அம்மாவுக்கென்று புதுசாக வெள்ளைத்துணி வாங்கிவந்து நீட்டினார்கள். அவள் வேண்டாம் என்று கையை ஆட்டினாள். தானே எழுந்துபோய்ப் பெட்டியைத் திறந்து, மடிப்பில் பழுப்பேறியிருந்த அந்த வெள்ளைப் புடவையை எடுத்து உதறினாள்.

"இத்தக் கட்டிக்கிறேண்டி" என்றாள் என்னிடம். "எம் மாமியார் ஊட்லேர்ந்து எனக்கு வந்தது இது ஒண்ணுதான்."